சொந்தமாகக் காடு, கைவேலை, கணினி ஆர்வம்: மூன்றையும் ஒருவரே எப்படிச் சமாளிப்பது?

கொஞ்சம் மரக்காடு சொந்தமாக இருக்கிறது, மரத்தில் ஏதாவது செய்துகொண்டே இருக்கப் பிடிக்கும், ஆனால் கணினி மீதும் தீராத ஆசை. நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் எனக்கும் உண்டு. பங்கு போடுவதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

வாரத்துக்கு இத்தனை மணி காட்டுக்கு, இத்தனை மணி நிரலுக்கு என்று அட்டவணை போட்டால் காடு அதைச் சட்டை செய்யாது. அங்கே வேலைக்குப் பருவம் உண்டு. இலை உதிர்க்கும் மரமென்றால் மொட்டையாக நிற்கும் காலத்தில் வெட்டுவது நல்லது. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் கோடாரியை எடுக்காமல் இருப்பதே நியாயம். (வெட்டுமுன் அனுமதி வேண்டுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த நிலம் என்பதற்காகப் பல நாடுகளில் விட்டுவிட மாட்டார்கள்.) அந்தச் சில வாரங்களை மொத்தமாகக் காட்டுக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன். பாதியில் நிற்கும் நிரல் எங்கேயும் ஓடிவிடாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் ஒரு கமிட் (அதாவது ஒரு பதிவு), அடுத்து என்ன செய்ய நினைத்தேன் என்று இரண்டு வரி, போதும். வெட்டிப் போட்ட பச்சை மரம் அப்படிக் காத்திருக்காது. ஈரம் வெட்டுமுகத்தின் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அங்கே மெழுகோ மிச்சமிருக்கும் பெயின்டோ பூசாமல் விட்டால் முனையில் வெடிப்பு கிளம்பி உள்ளே ஓடும்.

அப்புறம் தானாகவே ஓய்வு வந்துவிடும். பலகையை அடுக்கி நிழலில் காயவைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்குச் சுமார் ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் வாய்க்கணக்கு. மரத்தையும் காற்றையும் பொறுத்துக் கூடும், குறையும். எப்படியும் அவ்வளவு காலம் கணினி உங்களுடையதுதான்.

இரண்டும் உண்மையாகவே கைகோக்கும் ஓரிடம் உண்டு என்றால் அது இந்தக் காய்தல்தான். அடுக்கில் ஒரு மாதிரிப் பலகையை லோட் செல் என்கிற எடை உணரி மேல் வைத்து, ஆர்டுயினோ என்கிற சிறு மின்னணு அட்டை வழியாகத் தினமும் ஒருமுறை எடையைப் பதியவிட்டேன். அதே பலகையிலிருந்து அறுத்த சிறு துண்டை உடனே எடை போட்டுவிட்டு, 103 டிகிரி செல்சியசில், எடை இனிக் குறையாது என்கிற வரை உலர்த்த வேண்டும். உலர்த்தியதில் குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் தொடக்க ஈரப்பதம் வந்துவிடும். பிறகு பலகையின் எடையை மட்டும் வைத்தே தினசரி ஈரத்தைக் கணக்கிடலாம். புதிதாக வெட்டிய சில மரங்களில் இது 100 சதவீதத்தைத் தாண்டும். நிரல் எழுதிப் பழகியவர் உடனே பிழை தேடக் கிளம்புவார். பிழை ஒன்றும் இல்லை, வகுப்பது உலர்ந்த எடையால் என்பதால் அப்படி. ஏறக்குறைய 30 சதவீதம் வரை எடைதான் குறையும், அளவு மாறாது. அதற்குக் கீழே போகும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். அதுவும் ஒரே சீராகச் சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்தை நோக்கிய திசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழு உருண்டைக் கட்டை பிளப்பதற்கு இதுதான் காரணம். திரையில் கோடு 30ஐ நெருங்குவதைப் பார்த்தபோது, கரண்டி செதுக்க வைத்திருந்த கட்டைகளை நடுவே பிளந்து வைத்துக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். காடு முழுக்க சென்சார் மாட்டினால் பேட்டரி மாற்றுவதற்கே நடக்க வேண்டியிருக்கும். மர வரைபடம் போட ஆசையா? அடர்ந்த இலைக்கூரையின் கீழ் போனின் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும், பக்கத்து மரமா இதுவா என்றே தெரியாது. மரத்துக்கு மரம் எண் தகடு அடித்து, 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை நாடாவால் அளந்து விரிதாளில் ஏற்றுவதுதான் எனக்கு ஒத்துவந்தது. தகடும் ஆணியும் அலுமினியமாக இருக்கட்டும். இரும்பாணி மரத்துக்குள் புதைந்துபோனால் பின்னாளில் ரம்பத்தின் பல்லைப் பதம் பார்க்கும்.

உடம்பு விஷயம் ஒன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். கணினியிலிருந்து கைவேலைக்கு மாறுவது ஓய்வு என்று மனம் சொல்லும். மணிக்கட்டுக்கு அது ஓய்வே இல்லை. தட்டச்சும் செதுக்குக் கத்தியும் பெரும்பாலும் அதே தசைநாண்களைத்தான் வாட்டுகின்றன. வலி தொடங்கினால் இரண்டையுமே மூட்டை கட்டிவிட்டு எல்லை வேலியைப் பார்த்து வரப் போய்விடுவேன். இரவெல்லாம் நிரலில் பிழை தேடிய மறுநாள் செயின்சா கிட்டேயே போவதில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுதிய வரியை மறுநாள் அழித்துவிடலாம். செயின்சா விஷயத்தில் அந்த வசதி கிடையாது.