தாத்தா வெட்டும் ரப்பரும் பேரன் எழுதும் கட்டுரையும்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பகுதிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பொருளைப் பற்றித் தகவலோடும் தெளிவோடும் எழுதப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்று பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் கேட்டிருந்தார்கள். என் பதில்கள் இவை.

அருமனை, ஒரு தாய்: டீச்சர், ஐந்தாம் வகுப்பு மகன் ரப்பரைப் பற்றி ‘ரப்பர் மிகவும் பயனுள்ளது, ரப்பரைப் பாதுகாப்போம்’ என்று நான்கு வரி எழுதி நிறுத்திவிட்டான். அவன் தாத்தாவோ ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்!

அவனைத் திட்டாதீர்கள். வீட்டில் கண்டதையும் கட்டுரையில் எழுதலாம் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘ரப்பர்’ என்பது அவனுக்கு மிகப் பெரிய தலைப்பு. ‘தாத்தா எப்படிப் பால் வெட்டுகிறார்?’ என்று குறுக்கிக் கொடுங்கள்.

முதல் நாள் வாக்கியமே வேண்டாம். கேள்விகளை மட்டும் எழுதட்டும். ஏன் விடியுமுன்னே போகிறார்? வெட்டு ஏன் சரிவாக இருக்கிறது? கத்தி எவ்வளவு ஆழம் போகலாம்? அவற்றோடு தாத்தாவிடம் போய் உட்காரட்டும். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும். சரிவு இருந்தால்தான் பால் வழிந்து சிரட்டைக்கு, அதாவது கொட்டாங்கச்சிக்கு, வரும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டுமே தவிர உள்மரத்தைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். இப்படி ஒவ்வொரு பதிலையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள்.

பிறகு துண்டுகளைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி, ஆசிட் கலந்து பாலை உறைய வைக்கும் துண்டைச் சிரட்டைத் துண்டுக்கு முன்னால் வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவன் ‘பால் வருமுன்னே உறைந்துவிட்டதா?’ என்று சிரித்தான். அவளே எடுத்து மாற்றிவைத்தாள். பத்தி பிரிப்பதைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது அவளுக்கு அப்படி விளங்கியிருக்காது. மரத்தடியில் நடப்பவை ஒரு பத்தி. உறைய வைத்து, உருளையில் அழுத்தி, ஷீட்டாக்கிப் புகையில் உலர்த்துவது இன்னொரு பத்தி.

தக்கலை, ஓர் ஆசிரியர்: முன்னுரை, முடிவுரை என்ற சட்டகத்தை விட்டுவிடலாமா?

தேர்வில் விட முடியாது, மதிப்பெண் போய்விடும். ஆனால் முன்னுரை என்றாலே ‘உலகம் தோன்றிய நாள் முதல்’ என்று தொடங்கும் வழக்கத்தை விடலாம். மாத்தூர் தொட்டிப் பாலம் என்றால், ‘பறளியாற்றின் மேலே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம் இது’ என்ற ஒரு வரியே முன்னுரை. உட்தலைப்புகளையும் கேள்விகளாகவே வைக்கச் சொல்லுங்கள்: ஏன் கட்டினார்கள்? தண்ணீர் எப்படிப் போகிறது? கேள்வி தலைக்கு மேல் நின்றால் பிள்ளை வழி தவறாது.

களியக்காவிளை, ஒரு தந்தை: மகள் ‘வெள்ளம் குடித்தோம்’, ‘சக்கை தின்றோம்’, ‘மரச்சீனி அவித்தோம்’ என்றெல்லாம் எழுதுகிறாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவை பிழைகள் அல்ல, நம் ஊர்ச் சொற்கள். நமக்கு வெள்ளம் என்றால் தண்ணீர், சக்கை என்றால் பலா. ஆனால் ‘இதை மதுரையில் இருக்கும் மாமா மகள் படித்தால் என்ன நினைப்பாள்?’ என்று கேளுங்கள். ஆற்றில் வந்த வெள்ளத்தைக் குடித்தார்கள், சாறு பிழிந்துபோட்ட சக்கையைத் தின்றார்கள் என்றல்லவா நினைப்பாள்! அதைக் கேட்டு மகள் சிரித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. ‘மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு’ என்று அவளே விளக்கி எழுதுவாள். படிப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதுதான் இவ்வகை எழுத்தில் பாதி.

தோவாளை, ஒரு தாய்: இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு?

படம் வரைந்து பெயர் எழுதினால் போதும். பூச்சந்தைக்கு அழைத்துப்போய், பார்த்த பூக்களில் மூன்றுக்கு, பூவுக்கு ஒரு வரி. அதற்கு மேல் நெருக்காதீர்கள்.

நாகர்கோவில், ஒரு தந்தை: இணையத்தில் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறான். எப்படித் தடுப்பது?

தடுக்க வேண்டாம், படிக்கட்டும். படித்ததும் மூடிவைத்துவிட்டு உங்களிடம் வாயால் சொல்லட்டும், சொன்னதை எழுதட்டும். நடுவே ஓரிரண்டு கேள்வி போடுங்கள். திருவள்ளுவர் சிலை 133 அடி என்று எழுதினால், சிலை மட்டுமா, பீடமும் சேர்த்தா என்று கேளுங்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி. ஏன் 38? அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள். அப்படியானால் 95? பொருட்பால் 70, காமத்துப்பால் 25, கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். வெறும் எண்ணாக இருந்தது இப்போது அவனுக்குத் தகவலாகிவிட்டது.

குளச்சல், ஓர் இளம் ஆசிரியை: திருத்தும்போது எழுத்துப் பிழையை முதலில் பார்ப்பதா, கருத்தையா?

கருத்தை. ல, ள, ழ குழப்பத்தைக் கடைசிப் படியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் படியிலேயே தாள் முழுக்கச் சிவப்பாக்கினால், தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை சின்னதாக எழுதப் பழகிவிடும்.

கருத்தைத் திருத்த எனக்குக் கைகொடுத்தது நன்னூல் என்ற பழைய இலக்கண நூலை எழுதிய பவணந்தியார்தான். நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று அதில் பத்தைச் சொல்கிறார். அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன்: குன்றக் கூறல் (குறைவாகச் சொல்வது), மிகைபடக் கூறல் (தேவைக்கு மேல் சொல்வது), கூறியது கூறல் (சொன்னதையே சொல்வது), மற்றொன்று விரித்தல் (எடுத்த பொருளை விட்டு வேறொன்றுக்குப் போவது). நாற்காலியின் நான்கு கால் போல நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டுமரத்தைப் பற்றி எழுதத் தொடங்கி மீன் குழம்புக்குப் போய்விட்ட ஒருவனைப் பார்த்து, அடுத்த பெஞ்சிலிருந்து ‘டீச்சர், மற்றொன்று விரிக்கிறான்!’ என்று குரல் வந்தது. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்குத் தனிக் கட்டுரை எழுதச் சொன்னேன்.