அக்கா தங்கை இருவருக்கும் ஒரே படம்

வணக்கம்ங்க. எட்டு வயதுப் பெரியவளும் நாலு வயதுச் சின்னவளும் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறார்கள், வில்லன் வந்தாலே சின்னவள் அலறுகிறாள், ஏற்காட்டு அறையில் மழை நேரத்தில் என்ன படம் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

‘மை நெய்பர் டோட்டோரோ’ போடுங்கள். ஹயாவோ மியாசாகி 1988-இல் எடுத்த ஜப்பானிய அனிமேஷன் படம். 86 நிமிடம்தான். வில்லனே கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் அக்கா தங்கை கதை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்பதைச் சின்னவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொட்டும் மழையில், தூங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி அக்கா பஸ்ஸுக்கு நிற்பாள். பக்கத்தில் தலையில் ஒற்றை இலையோடு பூதம் போல டோட்டோரோ, அதாவது காட்டில் வாழும் சாதுவான மாயப் பிராணி, வந்து நிற்கும். அவள் குடையை நீட்டுவாள். குடைமேல் சொட்டும் சத்தத்துக்கே அதற்கு ஒரே குஷி! எங்கள் வீட்டில் இதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம்.

அப்புறம் அக்கா ஒருநாள் கோபத்தில் கத்திவிடுவாள். தங்கை ஒரு மக்காச்சோளக் கருதைக் கட்டிக்கொண்டு, அம்மாவிடம் கொடுக்கத் தனியாகக் கிளம்பிவிடுவாள். அந்த இடத்தில் உங்கள் பெரியவள் கம்மென்று ஆகிவிடலாம். “பார்த்தியா, அக்கான்னா இப்படித்தான் இருக்கணும்” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், படமே கசந்துவிடும்.

வசனம் குறைவு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே தமிழில் சொல்லலாம். மறுநாள் ஏரிக்கரையில் சுட்ட கருது கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.