பூட்டிக்கிடக்கும் பாறை

கேள்வி: டீச்சர், உலகத்திலேயே ஆழமான இடம் மரியானா அகழி என்று படித்தோம். அப்படியென்றால் மிகப் பெரிய நிலநடுக்கமும் அங்கேதானே வர வேண்டும்? 2004 சுனாமி சுமத்ரா பக்கமிருந்து வந்தது என்கிறார்களே?
- பத்தாம் வகுப்பு மாணவி, பாலக்கோடு

பதில்: கண்ணு, முப்பது வருடம் புவியியல் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

அகழி என்பது ஒரு வாசல். பூமியின் மேலோடு பெரும் பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் கடலடித் தட்டு வளைந்து, பக்கத்துத் தட்டின் கீழே நுழைகிற இடம். நுழைகிற வேகம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர், நம் நகம் வளர்கிற அளவுதான். பெரும் நிலநடுக்கம் பிறப்பது வாசலைத் தாண்டி உள்ளே, இறங்குகிற தட்டும் மேலே உட்கார்ந்திருக்கிற தட்டும் உரசுகிற சரிவில். அங்கே பாறையும் பாறையும் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். கீழ்த்தட்டு மட்டும் இழுப்பதை நிறுத்தாது. மேல்தட்டின் விளிம்பும் அதோடு சேர்ந்து கீழே வளையும். நூறு வருடம், இருநூறு வருடம் இப்படியே போகும்.

என் அப்பா கிருஷ்ணகிரியில் கல்லுடைக்கிறவர். வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பு செருகி, சம்மட்டியால் ஆப்புக்கொரு அடி என்று அடித்துக்கொண்டே போவார். ஒன்றும் நடக்காது. நிறுத்திவிட்டுக் கல்லில் காதை வைப்பார். "உள்ளே பேசுது, தள்ளி நில்லு" என்பார். கொஞ்ச நேரத்தில் சடக்கென்று ஒரு சத்தம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரிசல் ஓடியிருக்கும். சுமத்ராவில் அப்படி ஓடிய விரிசலின் நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். ஓடி முடிய எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. வளைந்திருந்த விளிம்பு துள்ளி எழுந்து, மேலே இருந்த கடலையே தூக்கிவிட்டது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மரியானா கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழம். அங்கே இறங்குவது மிகப் பழைய, குளிர்ந்து கனத்த தட்டு. ஏறக்குறையச் செங்குத்தாக மூழ்குவதால் அகழி அவ்வளவு ஆழம், மேல்தட்டோடு பிடிப்பும் குறைவு. 9-ஐத் தொட்ட நிலநடுக்கம் எதுவும் அங்கே பதிவானதில்லை. சிலி அகழி 8 கிலோமீட்டர்தான். அளந்து பதிவு செய்ததிலேயே பெரியதான 9.5, 1960 மே 22 அன்று அங்கேதான் வந்தது.

சரி, பழைய தட்டு என்றால் பயமில்லை என்று எழுதிவைத்துக்கொள்ளாதே. நிபுணர்கள் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஜப்பான் அகழியில் இறங்குவதும் பழைய தட்டுதான். 2011 மார்ச் 11 அன்று அங்கே பெரும் நிலநடுக்கம் வந்து, தட்டு 50 மீட்டர் வரை வழுக்கியது.

கேள்வி: அந்த ஆழத்துக்கு மனிதர் போனதுண்டா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: உண்டு. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்ட், டான் வால்ஷ் இருவரும் 'ட்ரியஸ்ட்' என்ற கலத்தில் மரியானாவின் அடியைத் தொட்டார்கள். இறங்கவே ஐந்து மணி நேரம் ஆனது. அடியில் இருந்தது இருபது நிமிடம்தான்.

கேள்வி: கடலே இல்லாத நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு அம்மா?
- ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: நம் காலடிப் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி வருடம். தட்டு நுழைகிற வாசல் எதுவும் இங்கே பக்கத்தில் இல்லை. சுனாமி கிருஷ்ணகிரிக்கு வராது. ஆனால் நாம்தான் கடலுக்குப் போகிறோமே அம்மா.

2004 கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் வேளாங்கண்ணி போயிருந்தது. மறுநாள் ஞாயிறு, காலை ஆறரை வாக்கில் சுமத்ராவில் பாறை உடைந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவ்வளவு நேரம் இருந்தும் யாரும் எச்சரிக்கவில்லை. முதல் அலை வடிந்ததும், விட்டுவந்த பையை எடுக்க அந்த வீட்டுப் பெரிய பையன் திரும்பிப் போனான். என் வகுப்பில் படித்தவன், முதல் பெஞ்ச். அகழிகளின் பெயரெல்லாம் ஒப்பிப்பான். சுனாமி ஒரே அலையோடு நிற்காது என்று நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இருந்தாலும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்களே, பஸ் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லிவிடுங்கள். தரை வெகுநேரம் ஆடினாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும் மேட்டுக்கு ஓட வேண்டும். முதல் அலை வடிந்த பிறகும் பல மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, பைக்காகவும் கூடாது, செருப்புக்காகவும் கூடாது.