இளம் பயிற்சி டாக்டர்களைப் பற்றிய ஆஸ்பத்திரிப் படங்களில் காட்டுவதெல்லாம் நிஜத்தில் நடக்குமா?

உங்க வீட்ல ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும்னு நினைக்கிறேன். அப்படி ஒரு படத்தைப் பார்த்துட்டு டாக்டர்தான் ஆவேன்னு நிக்குதுங்களா? இல்லைன்னா மன்னிச்சுக்குங்க, எங்க ஒரம்பரையில எல்லாரும் அதுக்குத்தான் இந்தக் கேள்வியைக் கேக்கறாங்க.

சிலது சுத்தப் பொய். மானிட்டர்ல கோடு நேராப் போனதும் ஷாக் குடுப்பாங்களே, நிஜத்துல அந்தக் கோட்டுக்கு ஷாக் கிடையாது. நெஞ்சை அமுக்கணும். நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறணும், கை அவ்வளவுதான் தாங்கும். ஹீரோ முழங்கையை மடக்கிட்டு சப்பாத்தி மாவு பிசைவாரு. (படம் எடுக்கறவங்க மேல கோவமில்லீங்க. படுத்திருக்கற நடிகரும் மனுசன்தான், நிஜமா அமுக்குனா விலா எலும்பு போயிரும்.)

படத்துல வரவே வராதது ஒண்ணு இருக்கு. சும்மா நிக்கறது.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தது கொங்குப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில, பேர் வேண்டாம். நாலரை வருஷப் படிப்பு முடிஞ்சு, ஒரு வருஷப் பயிற்சியில மூணாவது மாசம். ராத்திரி ரெண்டு மணிக்கு, கொடுமுடிப் பக்கம் மஞ்சக்காட்டுல தண்ணி கட்டப் போன ஒரு அப்பாரைத் தூக்கிட்டு வந்தாங்க. கணுக்காலுக்கு மேல துண்டை இறுக்கிக் கட்டியிருந்துச்சு. கையில டார்ச் லைட்டு, அணைக்காமயே. பின்னாடியே மகன், அடிச்ச பாம்பை யூரியா சாக்குல கொண்டாந்து மேஜை மேல வெச்சாரு. அது தேவையே இல்லீங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் இங்க ஒரே விஷமுறிவு மருந்துதான்.

ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில விட்டு, 20 நிமிஷம் ஆட்டாம வெக்கணும். அப்பறம் ஒரே தடவை சாய்ச்சுப் பாக்கணும். உறையாம ஓடுனா விஷம் ரத்தத்துல வேலையைக் காட்டுதுன்னு அர்த்தம். என் வேலை அந்தக் குழாயைப் பாத்துட்டு நிக்கறது.

"ஏனுங்க சிஸ்டரு, அதையே பாத்துட்டு நின்னா எப்புடிங்க? ஊசியப் போடுங்க!" மகன் சத்தம் போடறாரு. (கோட்டு போட்டிருந்தாலும் பொம்பளைன்னா சிஸ்டர்தான்.) பன்னெண்டாவது நிமிஷம், தாங்க முடியாம சாய்ச்சுட்டேன். ஓடுச்சு. பன்னெண்டு நிமிஷத்துல ஓடுனதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மேல்படிப்பு (பி.ஜி.) படிக்கற டாக்டர் அண்ணன் திட்டலை. இன்னொரு குழாயை நீட்டுனாரு. மறுபடி முதல்ல இருந்து 20 நிமிஷம்.

'தப்புப் பண்ணிட்டுப் பெருமையா எழுதறாங்க பாரு'ன்னு யாராவது வருவீங்க. பெருமை இல்லீங்க. அந்தப் பன்னெண்டு நிமிஷம் இன்னும் எனக்குக் கணக்குல இருக்கு.

ரெண்டாவது குழாயும் ஓடுச்சு. பத்துக் குப்பி. மருந்து பொடியாத்தான் வரும், தண்ணி விட்டுக் குலுக்குனா நுரைச்சுரும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு, திரி உருட்டற மாதிரி உருட்டிக் கரைக்கணும். பத்தையும் உருட்டுனேன். மகன் அப்பத்தான் சத்தத்தை நிறுத்துனாரு.

கேக்காத ஒண்ணையும் சொல்லிப்போடறேன். அந்த மனுசன் எதுக்குங்க நடுராத்திரியில காட்டுக்குள்ள நிக்கணும்? மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு அவங்க பக்கம் அன்னைக்கு அப்பத்தான் விட்டாங்க. எங்கப்பாவும் அப்படித்தான், அலாரம் வெச்சு எந்திரிச்சு வரப்புல நடப்பாரு. பகல்ல குடுத்தா பாம்பாச்சும் கண்ணுக்குத் தெரியும். பாம்புக்கடி வார்டுல வேலை பாத்தவங்களுக்கு இது அரசியல் இல்லீங்க.

அப்பாரு பொழைச்சுட்டாரு. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிட்டு என்கிட்ட வந்தாரு. கும்புடப் போறாருன்னு நினைச்சேன்.

"கண்ணு, அன்னைக்கு என்ற டார்ச் லைட்டை நீதான வாங்கி வெச்ச?"