காய்ச்சல் எத்தனையாவது நாள்?

கேள்வி: மேடம், என் மகனுக்குக் காய்ச்சல் வந்த ஆறாம் நாள் டெங்கு பரிசோதனை செய்தோம். ‘என்.எஸ்.1 நெகட்டிவ்’ என்றார்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு லேபில் ‘டெங்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் வருகிறது. இதில் எந்த லேப் சொன்னது தப்பு?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். என்.எஸ்.1 என்பது வைரஸின் புரதம். காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும், ஐந்தாறு நாளில் வடிந்துவிடும். முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு இன்னும் சீக்கிரம் மறையும். ஐ.ஜி.எம். நம் உடம்பு செய்துகொள்ளும் எதிர்பொருள். தலைகாட்டவே நான்கைந்து நாள் பிடிக்கும். ஆறாம் நாள் என்.எஸ்.1ஐ மட்டும் தேடினால், வண்டி கிளம்பிய பிறகு ஸ்டேஷனுக்குப் போன கதைதான். அதற்காக ஐ.ஜி.எம்.மைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. போன மாதத் தொற்றின் மிச்சமாகக்கூட இருக்கலாம்.

பரிசோதனைப் படிவத்தில் ‘காய்ச்சல் எத்தனையாவது நாள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பது வருஷ லேப் வாழ்க்கையில் அது நிரப்பி வந்ததை நான் பார்த்தது குறைவு. அடுத்த முறை நீங்களே கேட்டு எழுத வையுங்கள்.

கேள்வி: லேப் டெக்னீஷியன் பயிற்சியில் இருக்கிறேன். கிருமியை வளர்க்கும் கல்ச்சர் தட்டை முகர்ந்து பார்த்தேன் என்று சீனியர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். வாசனையை வைத்தே கிருமியைச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்களே?

பதில்: இருந்தார்கள் தம்பி. நானும் அப்படித்தான் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். ‘சூடோமோனாஸ், திராட்சை வாசனை’ என்று மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் ரத்த கல்ச்சர் குப்பி ஒன்றில் ஏதோ வளர்ந்திருந்தது. படிவத்தில் ‘காய்ச்சல்’ என்ற ஒற்றைச் சொல், மற்றக் கட்டங்களெல்லாம் காலி. கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிய மணலைத் தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகள். இரண்டாம் நாள் தட்டில் குண்டூசி முனையளவு காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள். திறந்த மேசையில், வழக்கம்போல மூடியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனேன். வாசனையே இல்லை. அப்புறம்தான் ஏதோ உறுத்தி வார்டுக்கு போன் செய்தேன். நோயாளி ஆடு வளர்ப்பவர். சில வாரம் முன் குறைப்பிரசவமான ஆட்டுக்கு வெறுங்கையால் பிரசவம் பார்த்தவர்.

புருசெல்லா. ஆடுமாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா. காற்றில் பத்து, நூறு கிருமி மிதந்தாலே போதும், சுவாசித்தவரைப் பிடித்துக்கொள்ளும். லேபில் வேலை செய்பவர்களுக்கு அங்கேயே தொற்றும் பாக்டீரியாக்களில் முன்வரிசையில் நிற்பது. மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேரும் நோய் வராமலிருக்க மூன்று வாரம் டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை விழுங்கினோம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வயிறு புரட்டும். ஆறு மாதம் வரை அவ்வப்போது பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். நல்லவேளை, யாருக்கும் வரவில்லை. ‘ஆட்டுத் தொடர்பு உண்டு’ என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அந்தத் தட்டை பயோசேஃப்டி கேபினட்டுக்குள் வைத்துத்தான் திறந்திருப்பேன். அதில் காற்று உள்ளே இழுபட்டு, கிருமிகளைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் வெளியேறும்.

டைஃபஸ் என்ற கொடிய காய்ச்சலை (டைஃபாய்டு வேறு) ஆராயப்போய் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910இலும், ப்ரோவாசெக் 1915இலும் அதே நோயால் இறந்தார்கள். அந்தக் கிருமிக்கு இன்று ‘ரிக்கெட்சியா ப்ரோவாசெக்கி’ என்று இருவர் பெயரும்தான். உங்கள் சீனியர் திட்டியது கொஞ்சம்தான்.

கேள்வி: அப்பாவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். டெங்கு, மலேரியா, டைஃபாய்டு எதுவும் இல்லை. புதிதாக வந்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று டார்ச் அடித்துத் தேடினார். என்ன தேடினார்?

பதில்: எஸ்கார். சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு, ஓரம் சிவந்திருக்கும். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணியின் (மைட்) குஞ்சு கடித்த இடம். வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது; அதனால் நோயாளிக்கே தெரியாது. எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் அது கண்ணில் பட்டுவிட்டால் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கு ஒரு முறை அது கிடைத்தது, வேட்டி முடிச்சு அழுத்தும் இடத்தில்.