பாப்பா "யானையா? பூனையா?"ன்னு மட்டும்தான் கேக்குறா, கிளாஸ்ல சேர்க்கணுமா?

ஈரோட்டுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. 5 வயசுப் பொண்ணு, யூகேஜி. ஒருத்தர் மனசுல நெனச்சத மத்தவங்க ஆமா-இல்லன்னு பதில் வர்ற கேள்வியா கேட்டுக் கண்டுபிடிக்கிற விளையாட்டுல "யானையா, பூனையா, நாயா"ன்னு பேரா அடுக்குறா, ஒரு பொருளப் பத்தி சொல்லச் சொன்னா "அது... அந்த மாதிரி"ன்னு நிறுத்திடுறா. கண்ணைக் கட்டி கலர் சொல்ல வைக்கிற கிளாஸ்ல சேர்த்தா சரியாகும்னு ஸ்கூல் வாசல்ல நோட்டீஸ் குடுத்தாங்களாம்.

முதல்ல அந்த நோட்டீஸக் கிழிச்சுப் போடுங்க. மிட்பிரெயின் ஆக்டிவேஷன், அதாவது நடுமூளையத் தூண்டுறதுன்னு பேரு, காசு பாக்குற வேலை. மூக்கோரத்து இடுக்கு வழியா கீழ பாத்துதான் புள்ளைங்க சொல்லுது, அந்த இடுக்கை நல்லா அடைச்சுட்டா ஒண்ணும் வராது. பேச்சு வளராது, பொய் சொல்லத்தான் பழகும். ஸ்கூல்காரங்க இந்த நோட்டீஸ்காரங்கள ஏன் விரட்ட மாட்டேங்குறாங்கன்னு கேட்டா ஆளாளுக்கு மேலதிகாரியக் கையக் காட்டுறாங்க.

உங்க பொண்ணு செய்யறது வயசுக்கு சகஜம்தாங்க. 1966லயே மோஷர், ஹார்ன்ஸ்பின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இருபது கேள்வி விளையாட்ட வெச்சு பாத்தாங்க, 6 வயசுப் புள்ளைங்க பெரும்பாலும் ஒவ்வொண்ணா பேர் சொல்லித்தான் கேட்டுச்சு, வகை பிரிச்சு கேக்குறது பெரிய புள்ளைங்ககிட்டதான் நிறைய இருந்துச்சு.

வீட்லயே செய்யுங்க. எலுமிச்சம்பழம், வாழைப்பழம், வெங்காயம், முறுக்கு, கரண்டி, சீப்பு, சோப்பு, சாவின்னு 8 சாமான் தட்டுல வைங்க. அவ மனசுல ஒண்ண நெனச்சுக்கட்டும், மொதல்ல கேக்குறது நீங்க. "சாப்பிடறதா?" இல்லன்னா நாலையும் அவ கண்ணு முன்னாடியே எடுத்து ஓரமா வைங்க. பாதி பாதியா கழிச்சா 3 கேள்வில முடிஞ்சுரும், பேரா அடுக்குனா 7 வரைக்கும் போகும். தட்டு காலியாகுறத பாக்கப் பாக்க அவளும் அப்படிக் கேக்க ஆரம்பிப்பா.

அப்புறம் பேர் சொல்லாம அவ சொல்லணும், நீங்க எடுக்கணும். "மஞ்சளா இருக்கும்"னா வேணும்னே தப்பா வாழைப்பழத்த எடுங்க. "ஐயோ இல்லம்மா, புளிக்கும், உருண்டையா இருக்கும்"னு தானா வரும். நீங்களே முந்திக்கிட்டு சொல்லிக் குடுத்துட்டா அவளுக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லாம போயிரும். "கையக் கட்டு, வாய்ல விரல வை"ன்னு வளக்குற ஸ்கூல் வகுப்புல இதுக்கெல்லாம் எங்க இடம்?

ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, காது. அடிக்கடி சளி புடிக்கிற புள்ளைங்களுக்கு காதுக்குள்ள நீர் தேங்கி கேக்குறது மந்தமாகலாம், பெரும்பாலும் வலி இருக்காது, அதனால சட்டுனு தெரியாது. டிவிய சத்தமா வெக்கச் சொல்றாளா, பின்னாடி நின்னு மெதுவா கூப்பிட்டா திரும்பலையா, "என்ன? என்ன?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காளா? அப்படின்னா விளையாட்டெல்லாம் அப்புறம், முதல்ல ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டி கேட்கும் திறன் டெஸ்ட் எடுங்க. ஒரு சளி சீசன்ல நல்லா கேட்டுச்சு, அதனால பரவால்லன்னு விட்றாதீங்க, அது வந்து வந்து போகும். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயே இந்த டெஸ்ட் எடுக்கலாம்.