லாட்ஜ் லிஸ்டை வாட்ஸ்அப்பில் கேட்டால்?

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தவர்தான் அதிகம். கொரோனா சமயத்தில் சுகாதாரத் துறையினர் சொன்னபடி தங்கியவர்களின் போன் நம்பர், ஆதார் ஜெராக்ஸ், காய்ச்சல் விவரம் எல்லாம் வாங்கினோம். அந்தக் கட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. நாளை வேறு நோய் பரவி, "லிஸ்டை வாட்ஸ்அப்பில் போடுங்க" என்றால் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அதற்காக முடியாது என்று மல்லுக்கட்டவும் வேண்டாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் 1939 இரண்டிலும் அரசுக்கு நிஜமாகவே அதிகாரம் இருக்கிறது. முறையான உத்தரவை மீறினால் கேஸ் உங்கள் மேல்தான் விழும். "தாராளமா தர்றேன் சார், ஆர்டர் காப்பி ஒண்ணு குடுங்க" என்று கேளுங்கள். உண்மையான அதிகாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆர்டர் வந்தால் அதில் கேட்டதை மட்டும் நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். யார் யாரோடு தங்கினார்கள் என்று தேட அறை எண், தேதி, போன் நம்பர் போதும். எந்த வியாதிக்கு வந்தார் என்பது எதற்கு? மனநல சிகிச்சைக்கு வந்தவரின் பெயர் ஏரியா குரூப்பில் ஒருமுறை சுற்றினால் சுற்றியதுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பிலேயே இதற்கு வழி உண்டு: மலேரியா, டெங்கு பரவினால் ஆஸ்பத்திரிப் பதிவுகளை அரசு ஆராயலாம், ஆனால் ஆள் அடையாளம் தெரியக் கூடாது. கொரோனா நோயாளி வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டியது நினைவிருக்கும். பேரிடர் சட்டப்படி உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, அந்தப் பழைய கட்டு. ஆரோக்ய சேது செயலித் தகவலையே பொதுவாக 180 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2020 மே மாதம் மத்திய அரசு நெறிமுறை போட்டது. உங்களுக்கு மட்டும் எதற்கு இத்தனை வருஷம்? அழிக்கப் போவதாக சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு எரித்துவிடுங்கள். எடைக்குப் போட்டால் ஆதார் ஜெராக்ஸில் போண்டா மடித்துக் கொடுப்பார்கள். போலீஸ் பார்க்கும் தங்குவோர் ரெஜிஸ்டரும் வெளிநாட்டவர் பதிவும் வேறு, அவற்றைத் தொடாதீர்கள்.

அப்போது கொடுத்த லிஸ்ட் எங்கே போனது என்று அறிய, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். எந்த உத்தரவின்படி வாங்கினார்கள், யாருக்கெல்லாம் அனுப்பினார்கள், அழித்ததற்கான பதிவு உண்டா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.